தலையைக் கொடுத்தவர்கள்

"காரியம் ஆனதும் கம்பி நீட்டுறீங்க. அதானே?" என்றாள் மனைவி.

சலூன்காரருக்குச் சுருக்கென்றது.

கடை திறந்த புதிதில் நாள் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது உதித்த யோசனைதான், செவ்வாய்தோறும் முதியோர் இல்லத்தில் இலவச முடிவெட்டு. முதல் நாளே போட்டோ பிடித்துக் கடை வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டிவிட்டார். கீழே, 'சேவையே எங்கள் மூச்சு' என்று கொட்டை எழுத்தில்.

ஆறு மாதத்தில் ஊர் நம்பிவிட்டது.

"இப்போ செவ்வாய்க்கிழமையும் கூட்டம் அள்ளுது. கடையைப் பூட்டிட்டு எப்படிப் போறது, சொல்லு?"

"அதை என்கிட்ட சொல்லாதீங்க. அந்தப் பெரியவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு வாங்க. போன்ல முடிச்சுடலாம்னு நினைக்காதீங்க."

போனார்.

இல்லத்து வராந்தாவில் வழக்கம்போல் பதினோரு பேர் வரிசையாகக் காத்திருந்தார்கள். முதல் நாற்காலியில் ரிட்டயர்டு ரயில் டிரைவர். தலையில் மொத்தமே ஏழெட்டு முடிதான். ஆனால் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அந்தத் தலையைப் பார்த்ததும் சலூன்காரர் தன்னையறியாமல் பையிலிருந்து கத்திரியை எடுத்தார். பாவம், இவர்களுக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"ஐயா, எல்லாரும் என்னை மன்னிக்கணும். கடையில கூட்டம் தாங்கலை. இனிமே என்னால வர முடியாது."

ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அழப்போகிறார் என்று நினைத்துச் சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கூட்டம்னா, நிஜமாவே கூட்டமா? எங்களுக்காகச் சொல்லலையே?" டிரைவர்தான் கேட்டார்.

"சத்தியமாங்கய்யா. உட்காரவே இடமில்லை."

"அப்பாடா!" டிரைவர் எழுந்து கைதட்டினார். வராந்தா முழுக்கத் தட்டியது. கண்ணாடிக்காரர் விசிலே அடித்துவிட்டார்.

சலூன்காரர் திருதிருவென்று விழித்தார்.

"முதல் நாள் வந்தப்போ உன் மூஞ்சியைப் பார்க்கணுமே தம்பி! இழவு வீட்டுக்குப் போறவன் மாதிரி. கத்திரி பிடிச்ச கை அப்படி நடுங்குச்சு. கடைக்கு ஆள் வர்ற வரைக்கும் நாமளாவது தலையைக் கொடுப்போம்னு அன்னைக்கே பேசி முடிவு பண்ணிட்டோம். இதோ இவன் காதுல ரெண்டு தையல். வாயைத் திறந்தானா பாரு!"

காதைத் தடவியபடி அந்தப் பெரியவர் பெருமையாகச் சிரித்தார்.

சலூன்காரர் கத்திரியைப் பைக்குள் வைத்தார்.

டிரைவர் அதற்குள் மற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"யாரும் எழுந்திருக்காதீங்கப்பா. பஞ்சை எடுத்துக் காதுல வைங்க. பத்து மணிக்குப் புதுசா ஒரு அம்மா, பாட்டுப் பாடி நம்மளைச் சந்தோஷப்படுத்த வர்றாங்களாம். பாவம், வீட்ல யாரும் கேட்கிறதில்லை போல!"