பழனியிலிருந்து ஒரு போன்

குதிரைக்கார சிலுவைராஜ் அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

ஏரிக்கரையில் அவர் குதிரையில் ஏறிய மெட்ராஸ்காரர் ஒருத்தரின் கேமராவைக் காணோமாம். குதிரை இருக்கிறது. ஏறினவர் இருக்கிறார். கேமரா இல்லை. அப்போ குதிரைக்காரன்தான். முடிந்தது விசாரணை.

அண்ணனின் சம்சாரம் லீமா அக்கா எங்கள் ஸ்வெட்டர் கடைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தது. அந்த வரிசையில் எங்கள் கடையில் மட்டும்தான் போன்.

"ஜலீலு, அத்தா இல்லையா? யாருக்காச்சும் போன் போட்டுச் சொல்லச் சொல்லுப்பா. பொழுது சாயறதுக்குள்ள ஒத்துக்க வச்சிருவாங்க. இப்படித்தான் இன்னொரு குதிரைக்காரரு மணியனை ஒத்துக்க வச்சாங்க. இன்னும் காலைச் சாய்ச்சுத்தான் நடக்காரு."

அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் நானும் ஸ்வெட்டர்களும்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை குரல். பஸ் கண்டக்டர், ஹெட்மாஸ்டர், கோயில் ஃபாதர், எங்க அத்தா, எல்லாரும் என் தொண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள். இருப்பதிலேயே சுலபம் எஸ்.ஐ. திருமலைச்சாமி. அவர் கத்தவே மாட்டார். பேரும் சொல்ல மாட்டார். ஒரு கனைப்பு. அப்புறம் ரொம்ப மெதுவாக, "ஏலே..." அவ்வளவுதான். போன மாசம் நாயுடுபுரம் டீக்கடைக்குப் பின்னால் நின்று ஒருதடவை விட்டுப் பார்த்தேன். பெஞ்சே காலி. ஒருத்தர் டீ கிளாஸோடு ஓடிப்போனார்.

அன்றைக்குப் பங்குனி உத்திரம். எஸ்.ஐ. ஜீப்பு பந்தோபஸ்துக்காகக் காலையிலேயே மலையை விட்டுப் பழனிக்கு இறங்கியதை நான் பார்த்திருந்தேன்.

போனை எடுத்தேன். எக்சேஞ்ச் அக்காவிடம் அத்தா குரலில், "ஸ்டேஷனுக்குக் குடும்மா" என்றேன்.

மறுமுனையில் எடுத்தார்கள். 'ஹலோ' வருவதற்குள் கனைத்துவிட்டேன்.

"ஏலே... பழனியில இருந்து பேசுறேன். அந்தக் குதிரைக்காரனை வெரசா வெளிய விடு. அவன் மேல ஒரு அடி விழுந்துச்சு, உன் தோலை உரிச்சுக் காயப்போட்டுருவேன்."

அங்கே கட்டை மாதிரி ஏதோ தரையில் விழுந்து உருண்டது. அப்புறம் ஒரு குரல். மெல்லிசாக, நடுக்கமாக.

"ச... சரிங்கய்யா."

வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒன்றுதான் உறுத்தியது. ஸ்டேஷனில் இருக்கிற அத்தனை குரலும் எனக்கு அத்துப்படி. இது யாரு, புதுசா?

சாயங்காலம் சிலுவைராஜ் அண்ணன் முழுசாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் வெள்ளனே கடை வாசலில் ஏட்டு பொன்னுவேல் நின்றார்.

"ஜலீலு, வா. அய்யா கூப்பிடுறாரு. சிலுவைராஜையும் மறுபடி கூட்டியாந்தாச்சு."

"அய்யா பழனியில..."

"எங்க போனாரு? ஜீப்பு பாதி வழியில, பெருமாள்மலையிலேயே மக்கர். மதியச் சோத்துக்கே திரும்பியாச்சு." குரலைத் தாழ்த்தினார். "எக்சேஞ்சுல விசாரிச்சுட்டாங்கடா. பழனி போன் உங்க கடையில இருந்துதான் வந்திருக்கு."

அத்தாவைக் கூட்டிக்கொண்டு ஏட்டுக்குப் பின்னால் நடந்தேன்.

அத்தாவை ஸ்டேஷன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே சிலுவைராஜ் அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் குந்தியிருந்தார். பல் கிட்டிப்போயிருந்தது, குளிரினால் இல்லை. எஸ்.ஐ. மேஜைமேல் கிடந்த லத்தியை உள்ளங்கையால் உருட்டிக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"நேத்துப் பேசினதைப் பேசு."

"அய்யா, தெரியாம..."

"ஏலே." மெதுவாகத்தான் சொன்னார். "நீ பேசலைன்னா, நேத்துப் பாதியில விட்ட சோலியை இவன்கிட்ட இப்ப முடிப்பேன்."

சிலுவைராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கனைத்தேன்.

"ஏலே... பழனியில இருந்து பேசுறேன். அந்தக் குதிரைக்காரனை..."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. கண்ணைத் திறந்தேன். ஏட்டும் கான்ஸ்டபிள்களும் விறைத்து நின்றார்கள். சிலுவைராஜ் அண்ணன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்.

எஸ்.ஐ.யும் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தார்.

சட்டென்று உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டிரெய்னிங்ல எங்களுக்கு ஒரு வாத்தியார் இருந்தார்" என்றார், எங்களிடம் இல்லை, லத்தியிடம். "இதே கனைப்பு. இதே 'ஏலே'. தூக்கத்துல கேட்டாக்கூட எந்திரிச்சு நிப்போம். ஒருத்தன் டவுசரை நனைச்சே இருக்கான். அந்த மனுசன் செத்து வருசக்கணக்காச்சு." நிமிர்ந்தார். "அவரு குரல் உனக்கு எப்படிலே கெடைச்சது? யாரு சொல்லிக் குடுத்தது?"

உண்மையைச் சொன்னால் தோல் போகும். பொய் சொன்னாலும் தோல் போகும். நான் அத்தாவைத் தேடி வாசலைப் பார்த்தேன்.

"கேக்கிறேன்ல? யாரு குரல் அது?"

விறைத்து நின்ற பொன்னுவேல், எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"அய்யா... அது உங்க குரலுங்க."

உருண்டுகொண்டிருந்த லத்தி நின்றது.

எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்தார். கான்ஸ்டபிள்களைப் பார்த்தார். ஒருத்தரும் இல்லையென்று சொல்லவில்லை. கடைசியாகச் சுவரோடு ஒட்டிக் கிடந்தவரைப் பார்த்தார்.

"நீ... நீங்க வீட்டுக்குப் போங்க, சிலுவைராஜ். கேமராவை நாங்க தேடிக்கிறோம்."

மெல்லிசாக, நடுக்கமாக. நேற்றுப் போனில் 'சரிங்கய்யா' என்றது இந்தக் குரல்தான்.