எந்த மதம்?

முகம் தெரியாதவர்கள் மதங்களைப் பற்றி வாதாடும் அந்த இணையக் குரல் அறையில் பூங்கொடி ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டாள். பிறந்த அன்றே இறந்துபோன குழந்தை இப்போது எங்கே இருக்கும்?

"நீங்க எந்த மதம்னு சொல்லுங்க சிஸ்டர், பதில் சொல்றேன்" என்றார் அறையை நடத்தியவர்.

"எதுக்கு சார்?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பதில் இருக்கும்மா."

"பேரைப் பார்த்தா நம்மாளு மாதிரிதான் இருக்கு" என்றது ஒரு குரல். "பேச்சைக் கேளுய்யா, இது மதம் மாறுன கேஸு" என்று இன்னொன்று சிரித்தது. கடவுளே இல்லை என்று அதுவரை தொண்டை வறளப் பேசியவரும், "எந்தக் கூட்டம்னு தெரியாம எப்படிம்மா பேசறது?" என்றார். எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள்.

"சொல்லலைன்னா உங்க மைக்கை அணைச்சிடுவேன்" என்றார் நடத்துபவர்.

"அணைங்க. நாளைக்கும் வந்து இதையேதான் கேப்பேன். நான் எனக்காகக் கேக்கல சார், என் பொண்ணுக்காகக் கேக்கறேன். அவளுக்கு இன்னும் பேரே வைக்கல. மதம் எங்க இருந்து வரும்?"

மற்றவர்களின் மைக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆனால் ஒருவரும் அறையைவிட்டுப் போகவில்லை. அவளுடையது மட்டும் திறந்தே இருந்தது. அதன் வழியே அவள் வீட்டு மின்விசிறியின் சத்தம் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.