பெரிய மனிதரின் பக்கம்

மாலை வெயில் சமையலறை மேசையில் சாய்ந்து விழுகிறது. மூலையில் துணி துவைக்கும் மெஷின் கடகடவென்று ஆடுகிறது. தங்கை மடிக்கணினியை நிழல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். இணையக் கலைக்களஞ்சியத்தில் யாருடைய வாழ்க்கை வரலாறு இருக்கலாம், யாருடையது கூடாது என்று பேசி முடிவெடுக்கும் தன்னார்வலர்களில் அவளும் ஒருத்தி. இன்று பேச்சுக்கு வந்திருப்பது பேராசிரியரின் பக்கம். அக்காவின் தேனீ ஆராய்ச்சியைத் தன் பெயரில் புத்தகமாக்கி, விருதும் வாங்கிக்கொண்டவர். அது திருட்டுதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. இப்போது அவரே கெஞ்சி எழுதியிருக்கிறார்: ‘நான் அப்படியொன்றும் பெரிய ஆளில்லை. என் பக்கத்தை நீக்கிவிடுங்கள்.’

பின்னால் நிற்கும் அக்கா துடைத்த கையையே மறுபடி மறுபடி துண்டில் துடைக்கிறாள்.

“அவன் மூஞ்சியே அதுல இருக்கக்கூடாதுடி. அழிச்சுடச் சொல்லு.”

“அழிச்சா தப்பிச்சுடுவாருக்கா. அவருக்கு வேண்டியதே அதுதானே?”

விசைப்பலகையில் விரல்கள் அவசரமில்லாமல் நடக்கின்றன. ‘விருது பெற்றவர், பல பத்திரிகைகளில் பேசப்பட்ட பெரிய மனிதர். பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும்.’ மற்றவர்களும் ஒவ்வொருவராக ஆமோதிக்கிறார்கள். பக்கம் தங்கிவிடுகிறது. உடனே அதன் கடைசியில் தீர்ப்பை ஒரே வரியில் சேர்க்கிறாள், பத்திரிகைச் சான்றோடு, அக்காவின் முழுப் பெயரோடு.

அக்கா திரையை நோக்கிக் குனிகிறாள். “இவ்வளவு கீழ போட்டா யாருடி படிப்பா?”

தங்கை அந்த வரியை அங்கிருந்து வெட்டி, பக்கத்தின் முதல் வரியாக ஒட்டுகிறாள். அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அதை வாய்விட்டு, நிறுத்தி நிதானமாகப் படிக்கிறாள்.