ஒரு வாரம் அமைதி

போரை நிறுத்துவேன் என்ற ஒரே வாக்குறுதியோடு அதிபர் தேர்தலில் நின்ற அமலோற்பவத்துக்கு, எதிர்த்து நிற்கும் தளபதி நேற்று ஆள் அனுப்பியிருந்தார். அவருக்குத் துணை அதிபராக நிற்கச் சம்மதித்தால், வென்ற முதல் மாதமே ஒரு வாரம் சண்டை நிற்கும். அதற்கு மேல் எதையும் கேட்கக் கூடாது. முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட, காலையில் அவருடைய அலுவலகத்துக்கு நடந்தாள். வாசலை ஒட்டிய சுவரில் ஒருவன் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். அதில் தளபதியும் அவளும் தோளோடு தோள் நின்று சிரித்தார்கள். கீழே, ‘ஒரு வாரம் அமைதி’ என்று கொட்டை எழுத்து.

“இதை யாருப்பா ஒட்டச் சொன்னது?”

“போன வாரமே அச்சடிச்சு வந்திருச்சேம்மா. இன்னிக்குத்தான் ஒட்டச் சொன்னாங்க.”

ஈரமாயிருந்த முனையில் நகத்தை நுழைத்துக் கிழிக்கத் தொடங்கினாள். யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள். செண்பகம். போர்முனையில் இருக்கும் மகனின் படத்தோடு, அமலோற்பவத்தின் எல்லாக் கூட்டங்களிலும் முன்வரிசையில் உட்காருகிறவள்.

“கிழிக்காதீங்கம்மா. இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. ஒரு வாரமாச்சும் எம்புள்ளையச் சுட மாட்டாங்கல்ல?”

கேட்டுக்கொண்டே செண்பகம் பிரிந்த முனையை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லத்தான் அமலோற்பவம் வாயெடுத்தாள்.

“ஆமாம்மா, சுட மாட்டாங்க” என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள்.

அலுவலக வாசற்கதவை யாரோ உள்ளிருந்து திறந்தார்கள்.