உறைக்குள் இருப்பது

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். உரிமம் வாங்கிய துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க இன்றே கடைசி. மாதையன் பீரோவிலிருந்து துப்பாக்கி உறையைத் தூக்கினார். கனம் சரியாகத்தான் இருந்தது. காட்டுப்பன்றிக்காக வாங்கியது, அவ்வப்போது இப்படித் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். துடைத்துக் கொடுக்கலாமென்று ஜிப்பைத் திறந்தார். பழந்துணி சுற்றிய கடப்பாரை இருந்தது.

"காணோம்னு எழுதிக் குடுத்துடுங்க," என்றாள் மனைவி ருக்கு.

"பீரோ சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு கேப்பாங்களே."

அவள் மறுபடி போனைக் காதில் வைத்தாள். போன வாரம் வெளியே போன மகன் இன்னும் போனை எடுக்கவில்லை. மாதையன் கடப்பாரையை உள்ளே வைத்து ஜிப்பை மூடினார். போன தேர்தலுக்கு ஏட்டு உறையைத் திறக்காமலேதான் வாங்கி வைத்தார்.

ஸ்டேஷன் வாசலில் வரிசை நின்றது. எல்லாம் தெரிந்த முகங்கள். பார்த்தால் மழையைப் பற்றியாவது கேட்கிறவர்கள், இன்றைக்கு உறையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்கள்.

ஏட்டு புதியவர். "நம்பர் பாத்துத்தான் வாங்கணும், புது உத்தரவு. திறங்க," என்றார்.

முதலில் நின்றவர் அசையவில்லை. ஏட்டே வாங்கி ஜிப்பை இழுத்தார். உள்ளிருந்து ஒரு தண்ணீர்க்குழாய்த் துண்டு மேசைமேல் உருண்டு, கீழே விழுந்து, அந்தத் தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டது.

வரிசையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாதையனைப் போலவே எல்லோரும் தங்கள் உறையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.