சோளக்குழிக்கு விளக்கு

செல்லப்பாண்டி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, குழி வாயில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“இரு மாப்ள, வெளக்க எறக்கிப் பாத்துக்கிருவம்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அல்லிநகரத்துச் சோளக் கிட்டங்கியில் ஆறு குழிகள். தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம் வெட்டியவை. ஒவ்வொன்றும் மூன்று ஆள் ஆழம். மூடிக் கிடந்த குழியைத் திறந்தால் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் உள்ளே காற்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

விளக்கு இறக்குவது என் வேலை. பதினேழு நாளைக்கு முன்னால் முதல் குழிக்கு இறக்கியதும் நான்தான்.

அன்றைக்குத் தை வெள்ளி. முதலாளி வீட்டு அம்மா பொட்டும் பூவும் வைத்துக் கொடுத்த விளக்கு. அது அணைந்தால் வருஷமே விளங்காது என்று குழியை மூடச் சொல்லிவிடுவார். கூலிச் சோளத்துக்கு ஓலைப்பெட்டியோடு வந்த அத்தனை பேரும் வெறும் பெட்டியோடு திரும்ப வேண்டியதுதான்.

விளக்கு அணையவில்லை. ஜம்மென்று எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

முத்துக்கருப்பன் இறங்கினான். கூப்பிட்டோம், பதில் இல்லை. கயிற்றோடு இழுத்துப் போட்டபோது மூச்சும் இல்லை.

விளக்குதான் எரிந்ததே, காற்றில் குற்றமில்லை, முனி அடித்துவிட்டது என்றது ஊர். முனிக்கு ஒரு சேவல் அறுத்தார்கள். பாவம், முனி.

செத்தவன் என் தங்கை மாயக்காளின் புருஷன். பதினாறு நாளும் அவள் வீட்டு வாசலிலேயே கிடந்தேன். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல அண்ணன் என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நாண்டுகொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

இன்று இரண்டாவது குழி. இறங்கப்போகிற செல்லப்பாண்டி, முத்துக்கருப்பனின் தம்பி. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். சேவல் கொடுத்தாகிவிட்டது என்ற தைரியத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

மாயக்காளும் வந்திருந்தாள். சோளம் புடைத்தால்தான் அவளுக்கு இனி கஞ்சி. தாலி அறுத்தவள் என்று குழிப் பக்கம் விடவில்லை, சுவரோரம் நின்றாள். அன்றைக்கு என் பின்னால் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த சுருளிலிருந்து விளக்குக் கயிற்றை விட்டுக்கொடுத்தவள் அவள்தான். இன்று அந்த வேலை மொக்கம்மாளுக்கு.

விளக்கை இறக்கினேன். குழியின் கழுத்தைத் தாண்டியது. பாதி ஆழம் போனது. நன்றாகத்தான் எரிந்தது.

இதோடு நிறுத்திவிடு என்றது மனசு. நிறுத்தினால் எனக்கு நல்லது.

கெட்ட காற்று அடியில்தான் படுத்துக் கிடக்கும். மொக்கம்மாளிடம் இன்னும் கயிறு கேட்டேன். இன்னும் கேட்டேன். சுருள் மொத்தமும் தீர்ந்து நுனி என் கைக்கு வந்தபோது, விளக்கு அடியில் கிடந்த சோளத்தைத் தொட்டது.

பொசுக்கென்று அணைந்தது.

முதலாளி வீட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டார். செல்லப்பாண்டி முகம் வெளிறிப்போய்க் காலை மேலே இழுத்துக்கொண்டான். குழியை மூடப் பலகை எடுக்க ஆட்கள் ஓடினார்கள்.

மாயக்காள் மட்டும் குழியைப் பார்க்கவில்லை. மொக்கம்மாளின் வெறும் மடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அன்னைக்குப் பாதிக் கயிறு என் மடியிலயே கெடந்துச்சேண்ணே.”