மூன்றாவது கன்றின் சாணம்

கால்நடை மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில், ஜன்னல் வழியே விழும் காலை வெயிலில் நுண்ணோக்கி மினுங்குகிறது. மாட்டுக்காரி ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, சாணம் கொண்டுவந்த டப்பாவின் மூடியைத் திருகி மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறாள். கழிச்சலில் இரண்டு கன்றுகள் போய்விட்டன. மிஞ்சியிருப்பது இந்தச் சாணம் போட்ட மூன்றாவது கன்று ஒன்றுதான். போன மாதம் அதன் சாணத்திலும், தீவனக் கொட்டகைப் பொறியில் சிக்கிய எலிகளின் புழுக்கையிலும் ஒரே குடல் ஒட்டுண்ணி மொய்த்துக் கிடந்தது. அன்றிலிருந்து தீவனத் தொட்டியைக் கொதிநீரால் கழுவுகிறாள். தீவனத்தைத் தகர டிரம்மில் மூடி வைக்கிறாள். இன்று மறு பரிசோதனை. பரிசோதகி சாணத்தை மூன்று கண்ணாடித் தகடுகளில் தடவி, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்து முடிக்கிறாள். மின்விசிறி கடகடக்கிறது. “இங்க வாங்கக்கா, நீங்களே பாருங்க.” மாட்டுக்காரி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிகிறாள். வெளிச்ச வட்டத்தில் முதலில் தன் இமைமயிர்தான் தெரிகிறது. பிறகு புல்நார்த் துணுக்குகள், ஒரு காற்றுக்குமிழி. “ஒன்னுமே தெரியலையேம்மா. எனக்குப் பார்க்கத் தெரியலையோ என்னவோ.” “நல்லாத்தான் பாக்கறீங்க. அங்க ஒன்னும் இல்லக்கா. மூணு தகட்டுலயும் இல்ல.” நிமிராமலே அவள் விடும் பெருமூச்சில் நுண்ணோக்கியின் மேல்வில்லை மங்குகிறது. நிமிர்ந்து விரலால் அதைத் துடைத்துவிட்டு, அந்த வெறும் வெளிச்சத்தை இன்னொரு முறை பார்க்கக் குனிகிறாள்.